ஹெரால்டின் வயிற்றில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

மலர்க் குழு நண்பர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: "எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது, ஆனால் விடுதி மெஸ் சாம்பார் பற்றி மட்டும் எழுதாதே. அதற்கு ஏற்கெனவே ஏழு கட்டுரை வந்தாச்சு." ஆகவே சாம்பாரை விட்டுவிட்டு, நம்ம ஊரில் பிறந்த (பாதி பிறந்த என்றும் சொல்லலாம்) ஓர் எஞ்சினின் சரித்திரத்தைச் சொல்லப் போகிறேன். மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் சில இடங்களில் கொட்டாவி விடலாம். வணிகவியல் நண்பர்கள் பயப்பட வேண்டாம், பரீட்சை வைக்க மாட்டேன்.

1974-ல் நம்மோடு படித்து வெளியே வந்தவர்களுக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மவுண்ட் ரோட்டில் அன்று ஓடிய கார்கள் மூன்றே ஜாதி: அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட். முதலாவது கல்கத்தா, இரண்டாவது பம்பாய், மூன்றாவது நம்ம வண்டலூர். இப்போதைய மாணவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சேர்ந்து 1948-ல் தொடங்கியது ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. முதலில் வேன்கார்ட், பிறகு எய்ட், டென், பென்னன்ட் என்று வரிசையாக வந்தன. 1953-ல் சுங்கவரிக் குழு, "பாகங்களைப் படிப்படியாக இங்கேயே செய்கிற திட்டம் உள்ளவர்கள் மட்டும் கார் கட்டலாம்" என்று பரிந்துரைத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிக்கொண்டு போயின. வண்டலூர் நின்றது. 1961-ல் ஹெரால்ட் வந்தது.

இங்கிலாந்தில் இதே கார் 1959-ல் 'டிரையம்ஃப் ஹெரால்ட்' என்ற பெயரில் வெளிவந்தது. உடலை வரைந்தவர் இத்தாலியின் ஜோவான்னி மிக்கலாட்டி. இந்தக் காரின் அமைப்புக்குப் பின்னால் ஒரு வியாபாரச் சண்டை இருக்கிறது. ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு உடல் தகடு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற ஆலையை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. இனிமேல் புதுக் காருக்கு உடல் கிடைக்காது. முழு உடலையும் ஒரே இடத்தில் அடித்துத் தர வேறு ஆள் இல்லை. என்ன செய்வது? பழைய காலத்து மாதிரி தனியாக ஒரு சேஸிஸ் போட்டு, துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்த தகடுகளை அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். எல்லோரும் சேஸிஸை விட்டு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் வேறு வழியில்லாமல் அதற்குத் திரும்பினார்கள். அதுவே நமக்கு லாபமாய் முடிந்தது. பெட்டியில் பாகங்களாக வந்து வேறொரு நாட்டில் சேர்க்கப்படுவதற்கு இதைவிடத் தோதான கார் கிடையாது. வண்டலூருக்கு மட்டுமல்ல, இன்னும் பல நாடுகளுக்கும் ஹெரால்ட் பெட்டிகளில் போனது.

இன்னொரு வேடிக்கை. இங்கிலாந்தில் 1961-ல் லேலண்ட் அந்தக் கம்பெனியை வாங்கிய பிறகு, 1963-ல் 'ஸ்டாண்டர்ட்' என்ற பெயரையே கார்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். நம்ம வண்டலூரில் அந்தப் பெயர் இன்னும் 25 வருஷம் ஓடியது!

சரி, எஞ்சினுக்கு வருவோம். 1953-ல் ஸ்டாண்டர்ட் எய்ட் என்ற ஏழைக் காருக்காகச் செய்யப்பட்ட 803 சி.சி. எஞ்சின்தான் இந்தக் குடும்பத்தின் கொள்ளுத்தாத்தா. குதிரைசக்தி வெறும் 26. வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், மூன்று மெயின் பேரிங், பக்கவாட்டில் கேம் ஷாஃப்ட், புஷ் ராடு. அதிசயம் ஒன்றும் இல்லை. அதன் சிலிண்டர் விட்டத்தை 63 மில்லிமீட்டராக்கி, ஸ்ட்ரோக்கை 76-லேயே வைத்தபோது 948 சி.சி. ஆயிற்று. அதுதான் ஹெரால்டுக்கு வந்தது, 34.5 குதிரைசக்தி. விட்டத்தை மேலும் 69.3 ஆக்கினார்கள், 1147 சி.சி. வந்தது. இரட்டை எஸ்.யூ. கார்பரேட்டர் மாட்டி, 63 குதிரைசக்தி எடுத்து, ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, அதே மிக்கலாட்டியிடம் இரண்டு பேர் உட்காரும் திறந்த உடல் வரைந்து வாங்கி 1962 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் நிறுத்தினார்கள். அதுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1965-ல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அந்தச் சின்ன எஞ்சின் தன் பிரிவில் முதலாவதாகவும் மொத்தத்தில் 13-வதாகவும் வந்தது. கடைசியில் 1493 சி.சி. வரை வளர்ந்து 1980 வரை ஸ்பிட்ஃபயரில் ஓடியது. நடுவில் 1974-ல் பரம எதிரியான எம்.ஜி. மிட்ஜெட்டுக்கே இந்த எஞ்சின்தான் போனது.

இதைக் கேட்டு ஹெரால்ட் வைத்திருந்தவர்கள் மார் தட்டிக்கொள்ள வேண்டாம். நம்ம ஊருக்கு 1147 வரவேயில்லை. 1961-ல் வந்த 948 தான் நாலு கதவு வந்த பிறகும், 1971-ல் கெஸல் என்று பெயர் மாற்றின பிறகும், அது 1977-ல் நிற்கும் வரைக்கும். இங்கிலாந்தில் நாலு கதவு ஹெரால்டே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன் ஸீட்டை மடக்கிப் பின்னால் ஏறுகிற வித்தை புடவை கட்டின நம் வீட்டுப் பெண்களுக்கு ஒத்துவரவில்லை. அதனால் பின் கதவு வண்டலூரிலேயே முளைத்தது. வெளிநாட்டு உரிமத்தில் செய்கிறவன் சொன்னதை மட்டும் செய்கிறவன் என்று பொருளாதாரப் பேராசிரியர்கள் எழுதுவதுண்டு. அவர்கள் இந்தக் கதவையும், பின்னால் சக்கரம் மடிந்துகொள்ளும் அந்தப் பழைய ஸ்விங் ஆக்ஸிலைக் கழற்றி எறிந்துவிட்டு கெஸலில் நேரான ஆக்ஸில் போட்டதையும் பார்த்திருக்க வேண்டும்.

ஆனாலும் சோழவரம் போனவர்களுக்கு ஹெரால்டின் வயிற்றில் ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது தெரியும். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையை 1950-களில் பந்தயத்தளமாக்கியது 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தளம் வரும் வரை நமக்கு அதுதான் லே மான், அதுதான் மான்டி கார்லோ. ஹெட்டை மெஷினில் கொடுத்துக் கொஞ்சம் சீவி, கம்ப்ரஷனை ஏற்றி, எங்கிருந்தோ பிடித்த இரட்டை கார்பரேட்டரைப் பூட்டி, சைலன்ஸரைக் கழற்றிப்போட்ட ஹெரால்ட்கள் அங்கே கத்திக்கொண்டு போனதை நாங்கள் மூன்றாவது வருஷத்தில் வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் பார்த்திருக்கிறோம். (பேராசிரியர் யாராவது இதைப் படித்தால், 50 வருஷம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.)

இவ்வளவும் ஏன் தெரிந்துகொண்டேன் என்றால், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் 2016-ல் தேனாம்பேட்டை வீட்டில் அப்பாவின் 1965-ஆம் வருஷத்து இரு கதவு ஹெரால்டின் எஞ்சினைக் கழற்றினேன். எல்டாம்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்து. போர்ட்டிகோவில் கார் 18 வருஷமாக நின்றுகொண்டிருந்தது. வீட்டை இடித்து ஃப்ளாட் கட்ட பில்டரிடம் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். தம்பி சொன்னான்: "அண்ணா, போர்ட்டிகோ காலி பண்ணணும். ஓடுற வண்டின்னா நீ எடுத்துட்டுப் போ. ஓடலைன்னா புதுப்பேட்டைக்குக் கொடுத்துடலாம். எனக்கும் மனசு கஷ்டம்தான், ஆனா எட்டு மாசத்துக்கு மேல டைம் இல்ல." நியாயமான பேச்சு. புதுப்பேட்டை என்றால் தெரியுமல்லவா? அங்கே போன வண்டி மறுநாள் காலை கதவு ஒரு கடையில், டைனமோ ஒரு கடையில் தொங்கும்.

துணைக்கு வந்தவர் பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருந்த ஒரு பாய். வயது எழுபதைத் தாண்டியவர். சின்ன வயசிலிருந்து ஹெரால்டில் கை வைத்தவர். கணக்குப் புத்தகம் படித்தவன் நான், கையால் படித்தவர் அவர். ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்பக்கமாகக் கவிழும். எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் திறந்த வெளி. முன் டயர் மேல் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து வேலை செய்யலாம். பாய்க்கு முட்டி வலி. "இத்த டிஸைன் பண்ண வெள்ளக்காரனுக்கு முட்டி வலி இருந்திருக்கும் சார்" என்பார்.

வாடகைக்கு ஒரு செயின் பிளாக்கும் மூன்று இரும்புக் குழாயும் கொண்டுவந்து முக்காலி கட்டினோம். கியர் பாக்ஸைப் பிரித்துவிட்டு எஞ்சினை மட்டும் மேலே தூக்கினோம். ஹெட்டைக் கழற்றும்போது நட்டுகளை வெளிப்பக்கத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஹெட் கோணிக்கொள்ளும். புஷ் ராடு எட்டையும் ஓர் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, ஒன்று முதல் எட்டு வரை எழுதிச் செருகி வைத்தோம். கனெக்டிங் ராடு ஒவ்வொன்றின் மூடியிலும் சென்டர் பஞ்சால் புள்ளி வைத்தோம், முதல் சிலிண்டருக்கு ஒரு புள்ளி, நாலாவதற்கு நாலு. ஏனென்றால் ராடும் மூடியும் ஜோடியாகக் குடையப்பட்டவை. மூடி மாறினால் வட்டம் வட்டமாக இருக்காது. பிஸ்டன்கள் மேல் வழியாக வெளியே வந்தன. சிலிண்டரின் மேல் விளிம்பில் விரல் நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு படி. ரிங் தேய்க்கும் இடம் தேய்ந்து, அதற்கு மேலே தேயாமல் நின்ற பகுதி அது. அளந்து பார்த்து, ஆயிரத்தில் 20 இஞ்ச் ரீபோர் என்று முடிவாயிற்று. 948 சி.சி. கார் 963 ஆகிவிட்டது. பந்தயக்காரனாகிவிட்டேன் என்று பேத்தியிடம் சொல்லிக்கொண்டேன்.

பிஸ்டன் பற்றிச் சொல்லாமல் போனால் சென்னைக்குத் துரோகம். 1949-ல் செம்பியத்தில் அமால்கமேஷன்ஸ் குழுவின் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியிராவிட்டால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு ரீபோருக்கும் கப்பலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஹெரால்ட் இந்த ஊரில் நின்றதற்கு வண்டலூர் மட்டும் காரணமில்லை. செம்பியம், ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு உதிரிபாகக் கடைகள், தெருவுக்கு ஒரு லேத்துப் பட்டறை, எல்லாம் சேர்ந்ததுதான் அந்த கார்.

ஆனால் பிஸ்டனெல்லாம் சின்னக் கவலை. எங்கள் உண்மையான கண்டம் சம்ப்பில் இருந்தது. ஆயில் சம்ப்பை இறக்கினவுடன் பாய் ஒரு காரியம் செய்தார். வேறு எதையும் பார்க்காமல், தார் மாதிரி கிடந்த அழுக்குக்குள் கையை விட்டுத் துழாவினார். அரை நிமிஷம் கழித்து ஒரு பிறைச் சந்திரனை எடுத்துத் துணியில் துடைத்து என்னிடம் நீட்டினார். "வீழ்ந்துட்டான் சார்" என்றார். முகம் சுருங்கிவிட்டது.

அது கிராங்க் ஷாஃப்டின் த்ரஸ்ட் வாஷர். இந்தக் குடும்பத்து எஞ்சின்கள் எல்லாவற்றுக்கும், லே மான் போன அண்ணனுக்கும் சேர்த்து, இதுதான் பரம்பரை நோய். கிராங்க் சுழலும்போது முன்னும் பின்னும் நகராமல் இருக்க, பின் மெயின் பேரிங்கின் இரு பக்கமும் அரை வட்டமாக ஒவ்வொரு வாஷர். அவ்வளவுதான். நீங்கள் கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் அந்த அழுத்தம் முழுவதும் கிராங்கை முன்னே தள்ளுகிறது, அதைத் தாங்குவது பின்பக்கத்துப் பிறை ஒன்றே. ஜெமினி சிக்னலில் கியரைப் போட்டுக்கொண்டு கிளட்சை மிதித்தபடி நிற்கிற பழக்கம் இதற்கு எமன். தேய்ந்து தேய்ந்து மெலிந்தால் ஒருநாள் பள்ளத்திலிருந்து நழுவிச் சம்ப்பில் விழும். அதன்பின் கிராங்க்கின் இரும்பு நேரே பிளாக்கின் இரும்பில் உரசும். சத்தம் பெரிதாக வராது. வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் பிளாக் உள்ளுக்குள் அறுபட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் பிறையைப் பார்த்தால் கதை புரிந்தது. இந்த வாஷரில் ஒரு பக்கம் எண்ணெய் ஓட இரண்டு காடி இருக்கும். அந்தப் பக்கம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும். முன்னொரு காலத்தில் எந்தப் பட்டறையிலோ அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். காடியில்லாத இரும்பு முதுகு கிராங்க்கோடு உரசியே தேய்ந்திருக்கிறது.

பிளாக் போயிருந்தால் வண்டி போச்சு. வேறு பிளாக் தேடலாம், ஆனால் எஞ்சின் நம்பர் பிளாக்கில்தான் இருக்கிறது, ஆர்.சி. புத்தகத்திலும் அதே நம்பர்தான். பழைய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகிற இடத்தில் வேறு நம்பரோடு நின்றால் அது தனிக் கதை. தம்பி கொடுத்த எட்டு மாதத்தில் மூன்று ஏற்கெனவே போயிருந்தது.

கிராங்க்கை எடுத்து, பிளாக்கை மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். வாஷர் உட்காரும் முகத்தில் வளைவாகக் கோடுகள். பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் தடவினார். எனக்கு மைக்ரோமீட்டர் வேண்டியிருந்தது, அவருக்கு வேண்டியிருக்கவில்லை. "கோடுதான் சார், பள்ளம் இல்ல. வீழ்ந்து ரொம்ப நாள் ஓடல. உங்க அப்பா ஸ்டாண்டில நிறுத்தினாரே, அதான் வண்டியைக் காப்பாத்திச்சு." அப்பாவுக்குக் கண் பார்வை மங்கி 1998-ல் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். அதற்கு முன் சில வாரங்கள்தான் அது விழுந்த நிலையில் ஓடியிருக்க வேண்டும். அளந்தபோதும் அவர் விரல் சொன்னதுதான் வந்தது. முகத்தை லேசாகச் சமன் செய்து, தடிமன் கூடின வாஷர் போட்டால் போதும்.

அந்தத் தடிமன் வாஷர் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்தது. பாதாம் பருப்பு அளவுப் பொருளுக்கு மூன்று வாரம்.

மாணவர்களுக்கு ஒரு உபயோகமான செய்தி. பழைய டிரையம்ஃப் குடும்பத்து எஞ்சின் எதையாவது விலைக்குப் பார்க்கப் போனால், எஞ்சினை அணைத்து வைத்துவிட்டு, ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லி முன்பக்கத்து கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னே வந்து போனால், விலையைக் குறையுங்கள் அல்லது ஓடிவிடுங்கள்.

ஹெட்டில் இன்னொரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. இந்த எஞ்சின் பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயம் உண்டு. அது வால்வும் இருக்கையும் மோதுகிற இடத்தில் ஒரு மெத்தை மாதிரி வேலை செய்யும். 2000-ல் ஈயப் பெட்ரோல் நாடு முழுக்க நின்றுவிட்டது. வார்ப்பிரும்பிலேயே நேராக வெட்டிய எக்ஸாஸ்ட் இருக்கைகள் ஈயமில்லாமல் மெல்ல மெல்லக் குழிந்து போகும். அதனால் நாலு எக்ஸாஸ்டுக்கும் கடினமான எஃகு வளையம் குடைந்து பொருத்தினோம். பிறகு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது, பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப்பின் டயஃப்ரத்தையும் அது தின்னும். அவற்றையும் மாற்றியாயிற்று.

திரும்பக் கோர்க்கிற கதை சுவாரசியமில்லாதது. சுத்தம், எண்ணெய், டார்க் ரெஞ்ச், பொறுமை. டாப்பெட் வைக்கிற 'ஒன்பது கணக்கு' மட்டும் சொல்லிவிடுகிறேன்: எந்த வால்வு முழுசாகத் திறந்திருக்கிறதோ அந்த எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வருகிற வால்வுக்கு இப்போது இடைவெளி வைக்கலாம். ஒன்றாவது திறந்திருந்தால் எட்டாவது, மூன்று என்றால் ஆறு. ஆயிரத்தில் பத்து இஞ்ச். பாய்க்கு இந்தக் கணக்கு தெரியும், ஏன் அப்படி என்று கேட்டால் "அது அப்டித்தான் சார்" என்பார். கிராங்க் வட்டம் வரைந்து, 1-3-4-2 எழுதி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது அப்டித்தான்னுதானே நானும் சொன்னேன்" என்றார்.

ஏழாவது மாதம் ஸ்பார்க் பிளக் மாட்டாமல் செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் ஏறியதைப் பார்த்துவிட்டு, பிளக் போட்டு ஸ்டார்ட் செய்தோம். நாலாவது முயற்சியில் பிடித்தது. சந்து முழுக்கப் புகை. தம்பி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, கீழே வந்து முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

வண்டலூர் ஆலையின் கடைசிக் கதையையும் சொல்லிவிட வேண்டும். கெஸலுக்குப் பிறகு அங்கே கார் கட்டுவது நின்று, வேன் வகைகளோடு காலம் ஓடியது. 1985-ல் பெரிய எதிர்பார்ப்போடு ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. உடல், இங்கிலாந்தில் நிறுத்தப்படவிருந்த ரோவர் எஸ்.டி.1. அங்கே அதில் ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் எல்லாம் ஓடின. இங்கே போட்டது பழைய வேன்கார்ட் வழிவந்த 1991 சி.சி. எஞ்சின். அந்த வேன்கார்ட் குடும்பத்திலிருந்துதான் 1953-ல் டிரையம்ஃப் டி.ஆர்.2 என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் 1991 சி.சி. எஞ்சின் போனது. ஆக வண்டலூர் இரண்டு முறை ஸ்போர்ட்ஸ் கார் ரத்தத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு, இரண்டு முறையும் குடும்பக் கார்தான் விற்றது! முதல் தடவை அது சரியான கணக்கு. இரண்டாவது தடவை, என் அபிப்பிராயத்தில், கனமான உடலுக்கும் முப்பது வருஷத்துப் பழைய எஞ்சினுக்கும் பொருந்தாத கல்யாணம். மாருதி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெட்ரோல் குடிக்கிற, விலை கூடின வண்டியை யார் வாங்குவார்கள்? 1988-ல் ஆலை மூடப்பட்டது.

2006-ல் கலைப்பு ஏலத்துக்கு வந்தபோது அங்கே குவிந்து கிடந்த ரோவர் உதிரிபாகங்களை வாங்கிக்கொண்டு போனது இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற பழைய கார் பாகங்கள் விற்கும் கம்பெனி. தன் ஊர் கார்களுக்குப் பாகம் தேடி அலைந்த வெள்ளைக்காரர்களுக்கு வண்டலூர் சரக்கு கப்பலேறியது.

சங்கமத்தன்று ஹெரால்ட் கல்லூரி போர்ட்டிகோவுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நிற்கும். பாயும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று குழுவினரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பானெட்டைத் திறந்து வைக்கிறேன். கிளட்ச் மிதிக்க மாணவர் ஒருவர் முன்வந்தால், புல்லி நகர்கிறதா என்று எல்லோரும் பார்க்கலாம். தேய்ந்த பழைய பிறையை மெக்கானிக்கல் லேபுக்குக் கொடுத்துவிடப் போகிறேன், காடி எந்தப் பக்கம் என்று எழுதி ஒட்டி.